வரவுப் பக்கத்தையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வணிகவரித் துறையில் உதவியாளராகச் சேர்ந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் பணிபுரிந்து, வணிகவரி அலுவலராக ஓய்வுபெற்றவன் நான். சேலத்தில் வசிக்கிறேன். மாநில அரசின் நிதிநிலை அறிக்கை சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட மறுநாள், தங்கள் நாளிதழை வரி விடாமல் படித்து, அந்தப் பக்கங்களைக் கத்தரித்து ஒரு கோப்பில் சேர்த்து வைப்பது பல ஆண்டுகளாக என் வழக்கம். 2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அளித்த அறிக்கையைப் பற்றிய பக்கங்களும் அதில் இருக்கின்றன. பள்ளிக்கல்விக்கு 46,767 கோடி ரூபாய், மக்கள் நல்வாழ்வுக்கு 21,906 கோடி ரூபாய், மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி ரூபாய் என்று செலவுகள் எல்லாம் பெரிய எழுத்தில், கட்டம் கட்டி வந்திருந்தன. இந்தப் பணம் எவரிடமிருந்து, எந்த வழியில் வருகிறது என்பதற்கு உள்பக்கத்தில் ஒரு சிறு வட்டப் படம் மட்டுமே இருந்தது. தங்கள் நாளிதழை மட்டும் இதற்காகக் குறை சொல்ல மாட்டேன். தமிழ் நாளிதழ்கள் ஏறத்தாழ எல்லாமே இப்படித்தான் செய்கின்றன. ஆனால், வாழ்நாளின் பெரும்பகுதியை வரவுப் பக்கத்திலேயே கழித்தவன் என்ற முறையில், அந்தப் பக்கத்தை வாசகர் அறியாமல் விடுவதால் விளையும் கேடு என்ன என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். இடமளிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் அந்த அறிக்கையின் வரவுக் கணக்கைப் பார்ப்போம். 2025-26ஆம் ஆண்டுக்கு எதிர்பார்க்கப்பட்ட மொத்த வருவாய் வரவு 3,31,569 கோடி ரூபாய். இதில் மாநிலத்தின் சொந்த வரி 2,20,895 கோடி. மத்திய வரிகளில் நமக்குரிய பங்கு 58,022 கோடி. மத்திய அரசின் மானியம் 23,834 கோடி. வரியல்லாத வருவாய் 28,819 கோடி. அதாவது, அரசு செலவிடும் வருவாயில் மூன்றில் இரண்டு பங்கு, இங்கேயே, நம் கடைத்தெருவிலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் பெட்ரோல் பங்க்கிலும் மதுக்கடையிலும் நம்மிடமிருந்தே வசூலாகும் பணம். இவ்வளவு வந்தும் போதாமல் 41,635 கோடி ரூபாய் வருவாய்ப் பற்றாக்குறை. வருவாய்ப் பற்றாக்குறை என்றால், அணை கட்டவோ பாலம் கட்டவோ கடன் வாங்குகிறோம் என்று பொருள் இல்லை. சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி ஆகிய அன்றாடச் செலவுகளுக்கே கடன் வாங்குகிறோம் என்று பொருள். அந்த ஓய்வூதியத்தில் என்னுடையதும் அடக்கம் என்பதை மறந்துவிட்டு நான் இதை எழுதவில்லை. பழைய கடன்களுக்கு அந்த ஓராண்டில் கட்ட வேண்டிய வட்டி மட்டும் ஏறத்தாழ 70,754 கோடி ரூபாய் என்று அறிக்கை கூறியது. பள்ளிக்கல்விக்கு ஒதுக்கியதைப் போல ஒன்றரை மடங்கு அது. இந்த ஓர் ஒப்பீட்டைத் தலைப்பாக இட்ட நாளிதழை நான் பார்க்கவில்லை.

வரவுக் கணக்கை எந்த நோக்கத்தோடு படிக்க வேண்டும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1937 ஜூலையில் சென்னை மாகாணத்தில் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று, இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும் உள்ளடக்கியிருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது; அடுத்தடுத்த ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. அந்நாளில் கள்ளும் சாராயமும் தந்த ஆயத்தீர்வை, நில வரிக்கு அடுத்து மாகாணத்தின் மிகப் பெரிய வருவாய். அதை ஒரு கையால் விட்டுக்கொடுத்த அரசு, மறு கையால் என்ன செய்தது என்பதுதான் நாம் மறந்துபோன பகுதி. 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் இயற்றப்பட்டது. எல்லாச் சரக்கின் விற்பனை மீதும் பொதுவாக விதிக்கப்பட்ட வரி இந்தியாவில் இங்கேதான் முதன்முதலில் வந்தது. ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைவாக விற்றுவரவு உள்ள சிறு வணிகர்களுக்கு வரி இல்லை. இருபதாயிரத்துக்கு மேல் விற்பவர்களுக்கு நூற்றுக்கு எட்டணா, அதாவது அரை ரூபாய். என் பாட்டனார் அப்போது செவ்வாய்ப்பேட்டையில் தானியக் கடை வைத்திருந்தார். "குடிக்கிறவன் கொடுத்த காசுக்குப் பதிலாக நம்மிடம் எட்டணா கேட்கிறார்கள்" என்று வணிகர்கள் கூடிக் கூடிப் பேசியதையும், பேசி முடித்தபின் பேரேட்டில் புதிதாக ஒரு பத்தி கோடு போட்டு வரிக் கணக்கு எழுதத் தொடங்கியதையும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பத்திதான் பின்னர் 1959ஆம் ஆண்டுச் சட்டமாகவும், 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரியாகவும், 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி.யாகவும் உருமாறியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் அலுவலகத்தின் மூத்த கண்காணிப்பாளர் ஒருவர் எங்களை உட்கார வைத்து இந்த வரலாற்றைச் சொன்னார். விற்பனை வரி என்பது வெறும் வருமானத்துக்காகப் பிறந்தது இல்லை, ஏழையின் குடியை நிறுத்துவதற்கு அரசு தேடிக்கொண்ட மாற்று வழி என்று அவர் சொன்னது, நான் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிய ஆண்டுகள் முழுவதும் என்னோடு இருந்தது.

அதன் பிறகு நடந்தது தமிழர் அனைவரும் அறிந்ததே. 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு, 1971இல் தளர்வு, மீண்டும் கடைகள் மூடல், 1981இல் மீண்டும் திறப்பு, 1983இல் மொத்த விற்பனைக்கென டாஸ்மாக் நிறுவனம், 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையும் அரசின் கையில். 2003-04ஆம் ஆண்டில் மதுவின் மூலம் வந்த ஆயத்தீர்வையும் விற்பனை வரியும் சேர்ந்து 3,639 கோடி ரூபாய். 2024-25ஆம் ஆண்டில் அது 48,344 கோடி ரூபாய். விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இது சாதாரண வளர்ச்சி இல்லை. அதே 2024-25ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கை பள்ளிக்கல்விக்கு ஒதுக்கிய தொகை 44,042 கோடி ரூபாய். எதை விட்டுவிடுவதற்காக விற்பனை வரியை 1939இல் கொண்டு வந்தோமோ, அதையும் விடாமல், கொண்டு வந்ததையும் விடாமல், இரண்டையும் சேர்த்து வசூலித்துக்கொண்டிருக்கிறோம். மாநிலத்தின் சொந்த வரியில் ஏறத்தாழ கால் பங்கு இன்று மதுவிலிருந்து வருகிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கணக்கு ஏறுமுகமாகவே இருந்திருக்கிறது என்பதால், இதில் ஒரு கட்சியைக் குற்றம் சாட்டும் எண்ணம் எனக்கு இல்லை.

இதற்கு ஆட்சியாளர்களின் மன உறுதிக் குறைவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். மறு பாதி வரி விதிக்கும் அதிகாரத்தைப் பற்றியது. ஜி.எஸ்.டி. வந்தபோது, சோப்பு முதல் சிமெண்டு வரை எந்தச் சரக்குக்கு எத்தனை விழுக்காடு என்று முடிவு செய்யும் உரிமை சட்டப்பேரவையை விட்டு ஜி.எஸ்.டி. மன்றத்துக்குப் போனது. அந்த மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை; எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு; எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு வேண்டும். தனியொரு மாநிலம் தன் தேவைக்கேற்ப அரை விழுக்காட்டைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. மேலும் இது நுகரும் இடத்துக்குச் செல்லும் வரி. இங்கே உற்பத்தி செய்து வெளிமாநிலத்துக்கு அனுப்பும் சரக்கின் மீது, முன்பு மத்திய விற்பனை வரியாக 2 விழுக்காடாவது இங்கே நின்றது. இப்போது அதுவும் இல்லை. மாநிலங்களுக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்ட, ஆண்டுக்கு 14 விழுக்காடு வளர்ச்சி என்ற கணக்கில் ஐந்து ஆண்டுகளுக்கு உறுதியளிக்கப்பட்டிருந்த இழப்பீடும் 2022 ஜூனோடு முடிந்துபோனது. மாநிலம் தானாக விகிதம் நிர்ணயிக்கக்கூடிய பெரிய இனங்கள் என்று மிஞ்சியவை விரல் விட்டு எண்ணக்கூடியவை: மனிதர் அருந்தும் மது, பெட்ரோலும் டீசலும், பத்திரப்பதிவு, வாகன வரி, மின்சார வரி. பணத்துக்கு நெருக்கடி வரும்போதெல்லாம் அரசின் கை முதலில் எங்கே போகும் என்பதை இந்தப் பட்டியலே சொல்லிவிடும். மதுவின் விலையை ஒரு குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றினால் எந்தச் சங்கமும் ஆர்ப்பாட்டம் செய்யாது. அதைக் கொடுப்பவர் மறுநாளும் கொடுப்பார்.

கொடுப்பவர் யார் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். லீ பஜாரில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர், ஐம்பது வயதைத் தொடுபவர், நான் சரக்கு ஆய்வுக்குப் போன நாள்களிலிருந்தே எனக்குப் பழக்கம். தோளில் துண்டை நான்காக மடித்து வைத்து, அதன் மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு, குடோன் படியில் ஏறும்போது முழங்காலை ஒரு கையால் அழுத்திக்கொண்டுதான் ஏறுவார். மாலையில் கூலியை எண்ணி வாங்கியதும் அந்த முழங்கால் வலிக்கென்றே ஒரு குவார்ட்டர் என்பார். மலிவான வகையே 140 ரூபாய் அளவில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி வரி. வாரத்துக்கு நான்கு நாள் என்றே வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு 2,200 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அவர் மனைவியின் கணக்கில் மாதந்தோறும் 1,000 ரூபாய் உரிமைத் தொகை வருகிறது. அந்த அம்மாள் அதில் சீட்டுக் கட்டுகிறார், மகளுக்குக் கல்லூரிப் பேருந்துக் கட்டணம் கட்டுகிறார். அந்த ஆயிரத்தின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. தன் பெயரில் வரும் பணம் ஒரு பெண்ணுக்கு வீட்டில் எவ்வளவு தெம்பு தரும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால், அந்தக் குடும்பத்தின் வரவு செலவை அரசோடு சேர்த்து எழுதினால், அந்த வீட்டிலிருந்து அரசுக்குப் போவதுதான் அதிகம். வருமான வரி கட்டாதவர் என்று நாம் நினைக்கும் அந்தத் தொழிலாளி, தன் கூலியில் எத்தனை பங்கை வரியாகக் கொடுக்கிறாரோ, அத்தனை பங்கை அதே தெருவில் நான்கு மாடிக் கட்டடம் வைத்திருப்பவர் கொடுக்கவில்லை. இதுவே என் மனத்தை வருத்துவது.

நாளையே எல்லாக் கடைகளையும் பூட்டிவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது, கடையைப் பூட்டுவதால் மட்டும் குடி நின்றுவிடாது என்பதையும், மலிவாகக் கிடைப்பதைத் தேடிப் போகும் ஏழையின் நிலையையும் நமக்குச் சொல்லியிருக்கிறது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடியது நல்ல தொடக்கம். ஆனால், அந்த ஆண்டின் மது வருவாய் அதற்கு முந்தைய ஆண்டின் 44,121 கோடியிலிருந்து 45,855 கோடியாக ஏறவே செய்தது. கடைகளின் எண்ணிக்கையை வைத்து இதை அளக்க முடியாது. அரசின் வருவாயில் மதுவின் பங்கு எத்தனை விழுக்காடு, அது ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா என்ற ஒன்றுதான் சரியான அளவுகோல். அந்தப் பங்கைப் படிப்படியாகக் குறைக்க வேண்டுமானால், 1939இல் கேட்ட அதே கேள்வியை இன்றும் கேட்டாக வேண்டும்: அந்த இடத்தை எதை வைத்து நிரப்புவது?

நிரப்புவதற்கு வழிகள் இருக்கின்றன. முதலாவது, தில்லியிடம் நாம் கேட்க வேண்டியது. மத்திய வரிகளில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்குப் பகிர வேண்டும் என்றும், அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு என்றும் மத்திய, மாநில வரிப் பகிர்வை வகுக்கும் பதினைந்தாவது நிதிக் குழு பரிந்துரைத்தது. பத்தாவது நிதிக் குழுவின் காலத்தில் நம் பங்கு 6.637 விழுக்காடு, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ 6 விழுக்காடு. ஏழை மாநிலங்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பதை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்க் கட்டட வேலைகளில் பாதியைச் செய்பவர்கள் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த இளைஞர்கள். அவர்கள் ஊரில் ஒரு நல்ல பள்ளிக்கூடம் எழ வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் மனக்குறை வேறு. செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான கூடுதல் வரி) என்றும் மேல்வரி (வரியின் மேல் விதிக்கும் வரி) என்றும் மத்திய அரசு வசூலிப்பது எதையும் எந்த மாநிலத்தோடும் பகிர வேண்டியதில்லை என்று அரசமைப்பின் 270, 271ஆம் பிரிவுகள் இடம் கொடுக்கின்றன. 2021 பிப்ரவரியில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய அரசு விதித்தது 32 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைத் தீர்வை வெறும் 1 ரூபாய் 40 காசு. இந்த 1 ரூபாய் 40 காசில் 41 விழுக்காடு எடுத்து, அதில் 4.079 விழுக்காடு கணக்கிட்டால், தமிழ்நாட்டுக்குக் கிடைப்பது லிட்டருக்கு இரண்டரைக் காசுக்கும் குறைவு. பீகாருக்கும் இதே கதிதான். பங்கு நம்மைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்றாலும், லிட்டருக்கு ஆறு காசைத் தாண்டாது. இந்தக் கணக்கைப் பெட்டிச் செய்தியாக ஒரு முறை அச்சிட்டால், நிதிக் குழு என்றால் என்ன என்று தெரியாத வாசகருக்கும் விளங்கிவிடும்.

தில்லியை மட்டும் சுட்டிக்காட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இங்கேயே வசூலாகாமல் போகும் வரி இருக்கிறது. அதில் நமக்கு, வாங்குபவர்களாகிய நமக்கு, நேரடிப் பங்கு உண்டு. சென்ற ஆண்டு என் வீட்டு மாடியில் தண்ணீர்க் குழாய் மாற்ற வேண்டியிருந்தது. பிளம்பர் எழுதிக் கொடுத்த சீட்டோடு ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். குழாய், எல்போ, டீ, வால்வு, பேஸ்ட் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். கடைப் பையன் சரக்கைக் கட்டிக்கொண்டிருக்க, கல்லாவில் இருந்தவர் மஞ்சள் நிறத் துண்டுத் தாளை இழுத்து, "சார், பில் போட்டா பதினெட்டு பர்சன்ட் சேரும். எஸ்டிமேட்டுலயே போட்டுக்கலாமா?" என்று மிக இயல்பாகக் கேட்டார். பக்கத்தில் நின்றிருந்த இருவர் ஏற்கெனவே அந்த மஞ்சள் தாளைத்தான் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள். பில் வேண்டும் என்றேன். அவர் முகம் சற்றுச் சுருங்கியது. கம்ப்யூட்டரைத் திறக்க நேரமாயிற்று. பிளம்பரும் "வீணா ரெண்டாயிரத்து ஐந்நூறு போகுதே, ஐயா" என்று ஆற்றாமையோடு சொன்னார். வரி 2,520 ரூபாய். அதில் மாநிலத்தின் பாதி 1,260 ரூபாய்.

அந்த 1,260 ரூபாய் வீணாகப் போனதா என்பதைப் பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். எங்கள் தெருக்கோடியில் ஒரு தொடக்கப் பள்ளி. காலை எட்டு மணி தாண்டியதும் சாம்பார் மணம் தெருவுக்கு வரும். ஒருநாள் கிச்சடி, ஒருநாள் உப்புமா, ஒருநாள் பொங்கல். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வகுப்புக்கு ஓடும் பிள்ளைகளை நடைப்பயிற்சி முடித்துத் திரும்பும்போது தினமும் பார்க்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று இந்தக் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது, 1,545 பள்ளிகளில் 1,14,095 குழந்தைகளுக்கு 33.56 கோடி ரூபாய் என்று அரசு ஒதுக்கியது. வகுத்துப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அன்று நான் கட்டிய மாநில வரி, ஒரு பிள்ளையின் நான்கு மாதத்துக்கும் மேற்பட்ட காலை உணவு. மஞ்சள் தாளை வாங்கிக்கொண்டு போன இருவரும் கெட்டவர்கள் இல்லை. தங்கள் பிள்ளைகளுக்கு மிச்சம் பிடிப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். வரிக்கும் அந்தத் தட்டுக்கும் உள்ள தொடர்பை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொன்னதில்லை. பில் இல்லாமல் விற்கும் சரக்கைக் கடைக்காரரும் பில் இல்லாமல்தான் வாங்கியிருக்க வேண்டும் என்பதால், ஒரு மஞ்சள் தாளுக்குப் பின்னால் மொத்த வியாபாரி, உற்பத்தியாளர் என்று ஒரு சங்கிலியே கணக்குக்கு வெளியே நிற்கிறது. இதை ஆய்வுக் குழுக்களால் மட்டும் பிடித்துவிட முடியாது. பணியில் இருந்தபோதும் முடிந்ததில்லை.

அடுத்து, நிலம். விற்பவரும் வாங்குபவரும் பேசி முடிக்கும் விலை ஒன்று. பத்திரத்தில் எழுதும் விலை மற்றொன்று. பத்திரப்பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு சந்தை விலையை விட்டு எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவு தொகை கறுப்பாகக் கை மாறுகிறது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தினார்கள். வருவாயைக் காப்பாற்றுவதற்கு அது எளிய வழியாகத் தெரிந்திருக்கலாம். ஆனால், உள்ளபடியே விலையை எழுதுபவர்மீது கூடுதல் சுமையை ஏற்றி, குறைத்து எழுதுபவருக்கு இடம் விட்டது. 2023இல் கட்டணத்தை 2 விழுக்காடாகக் குறைத்தது சரியான திசை. மதிப்பை உண்மைக்கு அருகில் கொண்டு வந்து, விகிதத்தைக் குறைத்தால், நேர்மையாளர் குறைவாகக் கட்டுவார், அரசுக்கும் குறையாது. நிலத்தின் விலை ஏறுவதற்குக் காரணமே அரசு போடும் சாலையும் பாலமும் என்னும்போது, அந்த ஏற்றத்தில் ஒரு பங்கைக் கேட்க அரசுக்கு முழு உரிமை உண்டு.

வீட்டு வரியைப் பற்றியும் இதே நேர்மையோடு பேச வேண்டும். சென்னையில் 1998-க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகும், 2022 வரை நிலைத்து நின்ற சீராய்வு எதுவும் நடக்கவில்லை. 2018இல் உயர்த்தியதையும் 2019இல் நிறுத்தி வைத்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் துப்புரவுப் பணியாளரின் கூலியும் குடிநீரேற்றும் மின் கட்டணமும் ஏறிக்கொண்டேதான் இருந்தன. பிறகு 2022 ஏப்ரலில் ஒரேயடியாக, வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்தியபோது தெருத்தெருவாக எதிர்ப்பு எழுந்தது. தேர்தலுக்கு அஞ்சிப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடாமல் இருந்துவிட்டு, பின்பு மொத்தமாகச் சுமத்துவதைவிட, ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் கூட்டியிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. சொந்த வீடு உள்ள என் போன்றவர்கள் அந்த ஆண்டுகளில் குறைவாகக் கட்டியதன் பலனை அனுபவித்தோம். பொதுக் குழாயில் குடம் வைத்து நின்றவர்கள் அதன் விலையைக் கொடுத்தார்கள். தொழில் வரிக்கோ 1988இல் அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் வைத்த ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு இன்றும் அப்படியே இருக்கிறது. மாதம் இலட்சங்களில் சம்பாதிப்பவரும் அதற்கு மேல் உள்ளாட்சிக்குக் கட்ட வேண்டியதில்லை. இதை மாற்ற நாடாளுமன்றத்தில்தான் முயல வேண்டும். நம் உறுப்பினர்கள் அங்கே பேசினார்களா என்பதைத் தங்கள் தில்லிச் செய்தியாளர் எழுதலாம்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த நிதிநிலை அறிக்கை வரும் நாளுக்கு மறுநாள், எந்தத் துறைக்கு எத்தனை கோடி என்ற பட்டியலுக்கு இணையான எழுத்தில், அதே பக்கத்தில், வரவையும் அச்சிடுங்கள். சொந்த வரியில் மதுவின் பங்கு எத்தனை விழுக்காடு, சென்ற ஆண்டு எத்தனை, பத்தாண்டுகளுக்கு முன் எத்தனை என்பதை ஒரு வரிசையாகக் கொடுங்கள். ஆயத்தீர்வை ஒரு தலைப்பிலும், மதுவின் மீதான விற்பனை வரி வணிகவரியோடு கலந்து வேறொரு தலைப்பிலும் இருப்பதால், நிதிநிலை அறிக்கையை மட்டும் படிப்பவருக்கு முழுத் தொகை தெரியாது; துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்துக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டலை ஒரு வாசகர் தன் வீட்டில் உட்கார்ந்து செய்ய முடியாது. ஒரு செய்தியாளர் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். வேட்பாளர்கள் வாக்குறுதி கொடுக்கும் ஒவ்வொரு திட்டத்துக்கும், அதற்கான பணம் எந்தத் தலைப்பில் வரும் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலையோ சொல்லாமல் விட்டதையோ அச்சிடுங்கள். மதுவின் பங்கை ஐந்தாண்டுகளில் இத்தனை விழுக்காடாகக் குறைப்போம், அந்த இடத்தை இன்னின்ன வரியைக் கொண்டு நிரப்புவோம் என்று ஒரு கட்சியாவது எழுத்தில் எழுதித் தருமானால், அதை முதல் பக்கத்திலேயே போடுங்கள். என் கோப்பில் அந்தப் பக்கத்துக்கு இடம் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வணிகவரி அலுவலர்,
சேலம்.